என் அன்னையின் ஆடிப்பெருக்கு

நாட்டுக்கு உழைத்த பெரியோர்களின் வரலாறுகளை நாம் அடிக்கடி கேட்டு மகிழ்கிறோம். இன்று நான் நினைவுகூர விரும்புவது எந்த ஏட்டிலும் பெயர் பதியப்பெறாத ஒரு பெண்மணியை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் அவர் படித்தவரல்லர், மேடை ஏறியவருமல்லர். அவர் என் தாயார். என் மகளுக்குப் பாட்டி. 1928-ஆம் ஆண்டில், திருவையாற்றுக்குக் கிழக்கே காவிரிக் கரையிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். 1951 முதல் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் டில்லியில் வாழ்ந்து, 2009-இல் அங்கேயே மறைந்தார். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் உங்களில் பலருடைய இல்லங்களிலும் இத்தகைய ஓர் அன்னை இருந்திருப்பார். ஆதலால் இது என் வீட்டுக் கதை மட்டுமன்று என்று எண்ணியே சொல்லத் துணிகிறேன்.

என் தந்தையாருக்கு மத்திய சர்க்காரில் குமாஸ்தா உத்தியோகம். கைக்குழந்தையாகிய என்னைச் சுமந்துகொண்டு, கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பிரயாணம் செய்து, அன்னையார் டில்லி வந்து சேர்ந்தார். தம் தாயார் கொடுத்த பித்தளைச் செம்பு ஒன்று அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. கரோல்பாக்கில் ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும் வாடகைக்குக் கிடைத்தன. கீழ்த்தளத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் குடியிருந்தது. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது லாயல்பூரிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறி வந்தவர்கள் அவர்கள். அந்த ஊர் பின்னர் பைசலாபாத் என்று பெயர் மாற்றம் பெற்றுப் பாகிஸ்தானத்தில் இருக்கிறது. அக்குடும்பத்தின் மூதாட்டியை எல்லோரும் ‘பீஜி’ என்று அழைப்பார்கள்.

பீஜிக்குத் தமிழ் தெரியாது. என் தாயாருக்குப் பஞ்சாபியும் தெரியாது, இந்தியும் தெரியாது. இருவரையும் நண்பர்களாக்கியது இட்லி மாவுதான். டில்லிக் குளிரில் மாவு எளிதில் புளிக்காது. தை மாதத்தில் ஒரு நாள், மாவுப் பாத்திரத்தை ரஜாயில் சுற்றிக் கயிற்றுக் கட்டிலில் வைத்திருந்தார் அன்னையார். மாடிக்கு வந்த பீஜி, குழந்தைக்குத்தான் காய்ச்சல் என்று பதறி, ரஜாயை விலக்கிப் பார்த்தார். உள்ளே மாவு! இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றிரவு சமையல் முடிந்ததும் பீஜி தம்முடைய அங்கீட்டி அடுப்பைத் தணலோடு மாடிக்கு அனுப்பி, மாவுப் பாத்திரத்தின் அருகே வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் இரண்டு வீடுகளிலும் இட்லி.

அவ்வாண்டு ஆடி மாதம் ஊரிலிருந்து பாட்டியின் இன்லண்டு கடிதம் வந்தது. ‘மேட்டூர் அணை திறந்து, நம் துறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது’ என்று எழுதியிருந்தார். காவிரிக் கரைப் பெண்டிருக்கு ஆடிப் பதினெட்டு எத்தகைய திருநாள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. புதுப் பெருக்கை வணங்கி, மஞ்சள் சரடு மாற்றி, காதோலையும் கருகமணியும் ஆற்றில் விட்டு, சித்திரான்னம் உண்டு மகிழும் நாள் அது. கரோல்பாக்கிலோ குறித்த நேரத்தில் மட்டும் தண்ணீர் வரும் ஒரு குழாய்தான் இருந்தது.

“ஆறு இங்கே வராது, நாமும் அங்கே போக முடியாது. அதற்காகப் பண்டிகையை விட்டுவிடலாமா?” என்று தந்தையாரிடம் சொல்லிவிட்டு, அந்தப் பித்தளைச் செம்பில் குழாய் நீரைப் பிடித்து, மஞ்சள் கரைத்து, ஒரு மல்லிகைப் பூவை மிதக்கவிட்டு வணங்கினார். பார்த்துக்கொண்டிருந்த பீஜி, என்ன இது என்று சைகையால் வினவினார். “நதி, என் ஊர் நதி” என்று தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார் அன்னையார். பீஜி சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “சினாப்” என்று சொல்லி, தாமும் ஒரு பூவை எடுத்து அதே செம்பில் இட்டார். சினாப் நதியின் கால்வாய்தான் லாயல்பூரின் வயல்களுக்குப் பாய்வது.

அதுமுதல் ஆண்டுதோறும் எங்கள் வீட்டுச் செம்பில் இரண்டு பூக்கள் மிதந்தன. 1971-இல் பீஜி காலமான பிறகும் அன்னையார் இரண்டாவது பூவை நிறுத்தவில்லை.

ஊர் ஏக்கத்தால் அவர் அழுது நான் கண்டதில்லை. சிறுவனாயிருந்தபோது காரணம் கேட்டேன். “எனக்கு ஊர் இருக்கிறது. நாலு காசு சேர்ந்தால் ரயில் ஏறலாம். பீஜிக்கு எந்த ரயிலும் இல்லையே. அவர் முன்னால் உட்கார்ந்து நான் எப்படி அழுவேன்?” என்றார்.

இனி, சொல்வதற்கு நா எழாத ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஊரிலிருந்த சிறு வீடு தாய்வழிச் சொத்தாக அன்னையாருக்கு வந்திருந்தது. 1989-இல் டில்லியில் ஒரு வீடு வாங்குவதற்காக அதை விற்றுவிடத் தீர்மானித்தேன். அதிகாரப் பத்திரத்தை அவர் முன் வைத்தேன். “கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு தடவை ஆடிப் பதினெட்டுக்கு என்னை ஊருக்கு அழைத்துப் போகிறாயா, அப்பா?” என்று கேட்டார். ஆபீஸில் வேலை நெருக்கடி என்றும், அடுத்த ஆண்டு கட்டாயம் போகலாம் என்றும் சொன்னேன். மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார்.

அடுத்த ஆண்டு வேறொரு காரணம் வந்தது. அதன் பின் அவருடைய முழங்கால் இடங்கொடுக்கவில்லை. நாங்கள் போகவேயில்லை.

வீடு கைமாறிய அந்த ஆடியில், இரண்டு பூக்களையும் செம்பில் இட்டுவிட்டு, “இனிமேல் பீஜிக்கும் எனக்கும் வித்தியாசமில்லை” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன். பால்காரன் வந்துவிட்டான் என்று சொல்லுவதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

ஆயினும் அவர் மனம் ஒடிந்து உட்காரவில்லை. கண்ணில் புரை விழுந்தபோது, கும்பகோணத்திலிருந்த தம் தங்கைக்குக் கடிதம் எழுதித் தரும்படி பேத்தியைக் கேட்டார். என் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பாட்டி சொன்ன தமிழை இந்தி எழுத்திலே எழுதினாள். “இதை என் தங்கை எப்படிப் படிப்பாள்?” என்று கேட்டுச் சிரித்தார் பாட்டி. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பேத்தி தமிழ் எழுத்துக்கள் அனைத்தையும் கற்றுக்கொண்டாள். சிகிச்சையால் பார்வை தெளிந்த பின்பும், கடிதம் எழுதும் நாளில் மட்டும் பாட்டிக்குக் கண் மங்கிவிடும்! “நேற்று அரிசியில் கல் பொறுக்கினாயே, பாட்டி!” என்று மகள் கேட்பாள். “கல் பெரியது, எழுத்துச் சிறியது” என்பார் அன்னையார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, ஆடிப் பதினெட்டன்று, ஆமதாபாத்தில் குடித்தனம் நடத்திய என் மகள் தொலைபேசியில் பேசினாள். “அப்பா, காவிரிக்கு ஒன்று, சினாபுக்கு ஒன்று போட்டேன். இங்கே ஓடுகிற சபர்மதிக்கும் ஒரு பூ போட்டுவிட்டேன். பாட்டி கோபிக்க மாட்டாளே?” என்றாள். “மாட்டாள், அம்மா. அவள் செம்பில் இருந்த தண்ணீர் என்றைக்கும் யமுனைத் தண்ணீர்தானே” என்றேன். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

நேயர்களே, வேற்றூரில் வேரூன்றும் வித்தையை நம் அன்னையர் யாரிடமும் கற்காமலே அறிந்திருந்தார்கள். அவர்கள் நம்மிடம் கேட்பது மிகவும் குறைவு. உங்கள் இல்லத்தில் இன்றும் ஒரு தாயோ பாட்டியோ இருந்து, ‘ஒரு தடவை ஊருக்குப் போகலாமா?’ என்று கேட்டால், தயவுசெய்து ‘அடுத்த ஆண்டு’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.