நல்ல முதலாளி ஒருவர் மேயரான கதை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கெட்ட முதலாளியைப் பற்றிப் பேச நமக்குக் குறிப்புத் தாள் தேவையில்லை. இன்று நல்ல முதலாளி ஒருவரைப் பற்றிப் பேசுவோம். அதற்குத்தான் நிதானம் வேண்டும்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள கம்பளி நகரம் பிராட்ஃபோர்டு. அங்கே ஆலை நடத்தியவர் டைட்டஸ் சால்ட். 1803-இல் பிறந்தவர். தந்தையோடு கம்பளி வியாபாரத்தில் இறங்கினார். தென் அமெரிக்க மலைநாட்டு விலங்கான அல்பாகாவின் மயிர், லிவர்பூல் கிடங்கில் வாங்க ஆளின்றிக் கிடந்தது. 1836-இல் அதை வாங்கிப் பளபளக்கும் துணியாக நெய்து பெரும் செல்வரானார்.

1848-இல் அவர் அந்நகரின் மேயரானார். நகரம் அன்று எப்படி இருந்தது? வானமெல்லாம் ஆலைப் புகை. தெருவெல்லாம் சாக்கடை. 1849-இல் காலரா வந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சால்ட் தம் ஆலைகளில் புகையைக் குறைக்கும் அடுப்புகளைப் பொருத்தினார். மற்ற ஆலைகளும் அவ்வாறே செய்ய வேண்டும் என்று நகரமன்றத்தில் முயன்றார். மன்றம் அசையவில்லை. மேயர் சொல்லியும் நடக்கவில்லை, தோழர்களே!

பிறகு அவர் என்ன செய்தார்? நகரத்துக்கு வெளியே, ஏர் நதிக்கரையில், ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் பக்கத்தில், புதிய ஆலை எழுப்பினார். சரக்குப் போக்குவரத்து தெரிந்த நமக்கு அந்த இடத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். 1853-இல், தம் ஐம்பதாவது பிறந்த நாளில், ஆலையைத் திறந்தார். சால்ட்டேர் என்று ஊருக்குத் தம் பெயரையும் நதியின் பெயரையும் சேர்த்து வைத்தார். எண்ணூறுக்கும் மேற்பட்ட வீடுகள், குடிநீர், மருத்துவமனை, பள்ளி, நூலகம், பூங்கா எல்லாம் வந்தன. மதுக்கடை மட்டும் கூடாது என்றார்.

இதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. 1876-இல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் பேர் வீதியில் நின்று வழியனுப்பினார்கள். அந்தக் கண்ணீர் பொய்யல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஊரில் வேலை கொடுப்பவரும் வீட்டுக்காரரும் சட்டம் போடுபவரும் ஒருவரே. அவர் போன பின் இருபது ஆண்டு முடியுமுன்னே ஆலை அவர் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று. 1933-இல் வீடுகள் ஒரு சொத்து நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1986-இல் ஆலையும் நின்றது. 2001-இல் யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கட்டடம் நிலைத்தது. கொடுத்த கை நிலைக்கவில்லை.

எது நிலைத்தது? 1847-இல் வந்த பத்து மணி நேரச் சட்டம் நல்ல ஆலை, கெட்ட ஆலை என்று பார்க்காமல் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் வேலை நேரத்தை வரையறுத்தது. தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் கூட்டம் போட்டு, மனு எழுதிப் பெற்றது அது. புகைக்கும் 1956-இல் நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டம் இயற்றியது. மேயர் ஒருவர் தம் மன்றத்தில் கேட்டுக் கிடைக்காதது, நூறாண்டு கடந்து, சட்டமாக வந்தது.

குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. வேலை முடிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் நாம். ஆகவே குழாயும் கழிவறையும் ஒருவர் மனமிரங்கித் தருவதாக இருக்கக் கூடாது. கேட்டுப் பெறும் உரிமையாக இருக்க வேண்டும். நல்லவர் வந்தால் மாலை போடுவோம். மற்றக் கையில் மனுவும் இருக்கட்டும்.