உப்பிட்ட வெந்நீரும் உடல் நோவும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர் பேசுகிறாரெனின் இலக்கணம் கேட்க நேருமோ என்று அஞ்சிச் சிலர் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றீர்கள். அஞ்சற்க. யாம் இன்று பேசப் புகுவது, உடல் நோவுக்கு நம் இல்லங்களில் வைக்கும் உப்பிட்ட வெந்நீரைப் பற்றியே.

பழகாத வேலையைச் செய்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளுமே தசை மிகுதியும் நோகும். சென்ற ஆண்டு நம் சங்கக் கட்டடத்துக்கு மண் சுமந்த இளைஞர்கள் இதனை நன்கறிவர். லாக்டிக் அமிலம் தசையில் தேங்குவதே காரணமென்று நெடுங்காலம் கருதினர். அவ்வமிலமோ உழைப்பு நின்ற ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் நீங்கிவிடும். தசையிழைகளில் நேரும் நுண்ணிய சிதைவும், உடல் அதனைச் செப்பனிடும் முயற்சியுமே நோவாகத் தோன்றுகின்றன.

வெந்நீர் குருதிக் குழாய்களை விரிக்கும். இறுகிய தசையை நெகிழ்விக்கும். உப்பு என் செய்யும்? எப்சம் உப்பென்றும் பேதியுப்பென்றும் சொல்லப்படுவதை இதற்கென்றே விற்கின்றனர். இங்கிலாந்தில் எப்சம் என்னும் ஊரின் ஊற்றுநீரில் கிடைத்தது அது. நெகேமியா குரூ என்னும் மருத்துவர் 1695-ஆம் ஆண்டிலேயே அதனைக் குறித்து நூல் இயற்றினார். அதிலுள்ள மக்னீசியம் தோல்வழியே புகுந்து நோவைத் தீர்க்குமென்பர். அதற்குத் தக்க சான்று இன்றளவும் இல்லை. ஆதலின் அதை வாங்க இயலாதோர் வருந்த வேண்டா. கல்லுப்பு இரண்டு கைப்பிடி இடுக. அதுவும் இல்லையேல் வெறும் வெந்நீரே போதும். பணி புரிவது சூடு.

அச்சூடே தீங்கும் புரியும். எம் அன்னையார் நீரிழிவு உடையவர். கால் நோகிறதென்றார். அண்டாவில் வெந்நீர் வார்த்து, உப்பிட்டு, விரலை ஒரு கணம் தோய்த்துப் பார்த்து, அவர் கால்களை யாமே எடுத்து நீரில் வைத்தோம். "சுடுகிறதா அம்மா?" என்றோம். "இல்லையப்பா, இதமாகத்தான் இருக்கிறது" என்றார். மாலையில் இரு பாதங்களிலும் கொப்புளம். புண் ஆற மூன்று திங்கள் சென்றன. நீரிழிவினால் பாத நரம்புகள் உணர்விழந்திருந்தன; சூட்டை அவர் அறிந்திலர். அந்நாட்களில் அவர் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எமக்குப் பெருந்துன்பமாயிற்று.

ஆகவே நீரிழிவுடையோரும் பாதம் மரத்தோரும் வெந்நீரில் கால் வைத்தலே வேண்டா. ஏனையோர்க்கும் விரல் நுனியை நம்பாது, நீரை நன்றாகக் கலக்கி முழங்கையால் பார்த்திடுக. வெப்பமானி உண்டாயின் 37 முதல் 39 பாகை செல்சியசு வரை போதும். 15 அல்லது 20 நிமிடம் கால் வைத்திருக்கலாம். ஆள் கிடக்கும் தொட்டி நம்மவர் இல்லங்களில் ஏது? காலுக்கு வாளி போதும். தோளுக்கும் இடுப்புக்கும் வெந்நீரில் தோய்த்துப் பிழிந்த துண்டால் ஒத்தடம் கொடுக்கலாம். சுளுக்கி வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாள் சூடு கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து நோகுமாயின் வாளியைத் தேடாது மருத்துவரிடம் செல்லுக.

இப்பொழுது எம் இல்லத்து அடுக்களையில் வெப்பமானி ஒன்று தொங்குகின்றது. பிள்ளைகளுக்கு வெந்நீர் வார்க்கும்போதெல்லாம் யாம் அதனை எடுத்துப் பார்ப்பதைக் கண்டு அன்னையார் நகைப்பார்.