நோயுடன் வளரும் இளையோர்க்கு நட்பே துணை
(திருவெண்ணெய்நல்லூர் விழாவில் ஆற்றிய உரை)

அருகன் திருவடி போற்றி. 

1922 சனவரியில் டொராண்டோ நகரில் லியோனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவுற்ற பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்று மருந்து உயிரைக் காக்கிறது. தனிமையைப் போக்குவது நட்பே.

மருத்துவத்திற்கு முண்டியம்பாக்கம் சென்று வரும் நாளில் நம் ஊர்ப் பிள்ளை வகுப்பையும் விளையாட்டையும் இழக்கிறது. பலர்முன் ஊசி போடக் கூசி, நோயை மறைக்கிறது. அங்கேதான் இடர். திடீரென வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். அவ்வேளையில் அருகிலிருப்பவர் பெரும்பாலும் தோழரே. விவரம் அறிந்த தோழர் உடனே சர்க்கரை கரைத்த நீர் தருவார். நினைவிழந்தால் வாயில் எதுவும் புகட்டாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார்.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். நோன்பு நாளில், 'நீ மட்டும் உண்கிறாயே' என்று இப்பிள்ளைகளைக் கேளாதீர். பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் ஒழுக்கம். எனினும் இரவில் சர்க்கரை தாழும்போது உண்ணும் கவளம் அவர்க்கு மருந்து. நாணி அதனைத் தவிர்த்தால் உயிர்க்கே கேடு. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை நம் தலையாய அறம். அப்பிள்ளையின் உயிரும் அவற்றுள் ஒன்றன்றோ?

சமண முனிவர்கள் தந்த நாலடியாரில் நட்பாராய்தலுக்கெனத் தனி அதிகாரமே உண்டு. இளைஞர்களே, நோயுற்ற தோழரை இரக்கத்தோடு ஒதுக்காமல், உரிமையோடு விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறம் வளர்க!