கருப்பியும் ஒரு வலைத் தக்கையும்

பெண் நாய் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். முதல் 9 நாள் வாக்கில் ரத்தம் கசியும், ஆண் நாயை அண்ட விடாது. அடுத்த 9 நாள்தான் இணையும் காலம். சினை பிடித்தால் சுமார் 63 நாளில் குட்டி. எனக்குப் பிடித்ததோ சினையே பிடிக்காத நாயின் கதை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடப் போயிருந்தேன். “டாக்டரம்மா, எங்க கருப்பி இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும், வந்து பாருங்க” என்று ஒரு அக்கா கூட்டிப்போனார். கரையேற்றிய படகின் நிழலில், மணலைப் பறித்துப் படுத்திருந்தது கருப்பி. மடி கனத்து, காம்பைத் தொட்டால் பால். வயிற்றோடு அணைத்திருந்தது ஒரு வலைத் தக்கை! நக்கி நக்கி அது பளபளத்தது. கை நீட்டினேன், உறுமியது. ஸ்கேன் எடுக்கச் செங்கல்பட்டுக்கு ஆட்டோவில் வந்தபோதும் தக்கையை விடவில்லை. ஸ்கேனில் ஒரு குட்டிகூட இல்லை.

“அப்புறம் பால் எப்படிம்மா?” என்றார் அக்கா. நியாயமான கேள்வி. மாட்டுக்குச் சினை பிடிக்காவிட்டால் 21 நாளில் மறுபடி பருவம் வந்துவிடும். நாய்க்கு அப்படியில்லை. சினையோ இல்லையோ, புரோஜெஸ்டிரோன் இரண்டு மாதம் சுரக்கும். அது இறங்கும்போது பாலூறச் செய்யும் புரோலாக்டின் ஏறும். இதுதான் பொய்ச்சினை. பாவம் பார்த்துப் பாலைப் பீய்ச்சிவிடாதீர்கள், பீய்ச்சப் பீய்ச்ச ஊறும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே வற்றும்.

ஆனால் அதே இரண்டு மாதத்தில்தான் கர்ப்பப்பையில் சீழ் வைக்கும் ஆபத்தும் இருக்கிறது. தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, சாப்பாட்டை ஒதுக்குகிறதா, வாந்தியா? சீழ் வெளியே வடியாமல் வயிறு மட்டும் உப்பினால் இன்னும் மோசம். ‘சினையா இருக்கும்’ என்று வீட்டிலேயே வைத்திருந்து, கடைசியில் தூக்கி வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

குட்டி வேண்டாமென்றால் கருத்தடை செய்துவிடுங்கள், இந்த இரண்டு தொல்லையும் இல்லை. கடலோர நேயர்களுக்குக் கூடுதலாக ஒன்று: ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. கூட்டைத் தோண்டித் தின்பதில் தெருநாய்களுக்குப் பெரிய பங்குண்டு. நாய் பெருகாமல் இருந்தால் ஆமைக்கும் நல்லது.

நேரமாகிவிட்டது, பிரசவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் குட்டி வருமுன் பச்சையாகக் கசிந்தாலோ, அரைமணி நேரம் முக்கியும் குட்டி வராவிட்டாலோ, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மற்றபடி, ரத்தம் கண்ட முதல் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சினை சந்தேகம் இருந்தால், இணைந்த ஒரு மாதத்தில் ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.