சிறு பெட்டியுள் பல பேழைகள்



மலையகத்துத் தோட்டங்களிலே இடநெருக்கடி என்பது எவரும் விளக்கிச் சொல்ல வேண்டாத செய்தி. பன்னிரண்டடி நீளமும் பத்தடி அகலமும் கொண்ட லயத்துக் காம்பிராவொன்றிலே குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கி, தன் உடைமைகளையும் காத்து வந்திருக்கிறது. அவ்வுடைமைகளுள் அரியது யாதெனில், தகரப் பெட்டியின் அடியிலே துணியிற் சுற்றி வைத்த சில காகிதங்களேயாம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டிற் பிறந்திருந்தாலும் போதாது, அவருடைய தந்தையோ முன்னோரோ இங்கே பிறந்தமைக்கும் சான்று வேண்டும் என்றது. சான்று காட்ட இயலாதோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின்னரும் தீராது நின்ற அக்குறை பெருமளவு தீர, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆதலால், பழைய காகிதத்தின் அருமை மலைநாட்டவர்க்குப் புதிதன்று.

கினிகத்தேனை, தென்மேற்குப் பருவக்காற்று மலையேறும் முகப்பிலே அமைந்த ஊர். இலங்கையில் மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அங்கே காகிதம் ஈரம் உறிஞ்சும், பூஞ்சணம் பிடிக்கும், மை கலையும். பிறப்புச் சான்றிதழையும் திருமணப் பதிவையும் பழைய நிழற்படங்களையும் படமாக்கிக் கணினியிலே சேர்த்து வைப்பதே இக்காலத்திற்கு ஏற்ற வழி. ஆனால் அங்கும் பழைய நெருக்கடியே எதிர்ப்படுகிறது. ஏ4 தாளொன்றை, அங்குலத்திற்கு 300 புள்ளிகளாக, வண்ணத்திலே, சுருக்காமற் பதிவு செய்தால் ஏறக்குறைய 26 மெகாபைட்டு இடம் பிடிக்கும். பதினாயிரம் தாள்களுக்கு 260 கிகாபைட்டு வேண்டும். பல மடிக்கணினிகளின் சேமிப்பகமோ 256 கிகாபைட்டு. அதிலும் ஒரு பகுதியைக் கணினியின் இயக்கத் தொகுதியே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எங்கே வைப்பது?

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியிலே, 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டவை ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. இன்று விரல் அகலமுள்ள சிறு பலகை அதனினும் இலட்சக்கணக்கான மடங்கு கொள்கிறது. ஆகவே, மடிக்கணினியின் சிற்றிடத்தினுள் இரண்டு மூன்று சேமிப்பகங்களைப் பொருத்துவது அரிய செயலன்று. அளவறிந்து செய்ய வேண்டிய செயல்.

முதலாவது, இரண்டரை அங்குல வன்தட்டு இருக்கும் அறை. அதன் தடிப்பு சிலவற்றில் 9.5 மில்லிமீற்றர், சிலவற்றில் 7 மில்லிமீற்றர். தடித்த தட்டு மெல்லிய அறையிற் புகாது. இரண்டாவது, எம்.2 எனப்படும் செருகிடம். அதிற் பொருந்தும் பலகையின் அகலம் பெரும்பாலும் 22 மில்லிமீற்றர். நீளம் 30, 42, 80 மில்லிமீற்றர் எனப் பலவாகும். உருவம் ஒன்றாயினும் அதிலே சாட்டா, என்.வி.எம்.ஈ. என இருவகைத் தொடர்பு முறைகள் உள்ளன. ஒரு வகையை மாத்திரம் ஏற்கும் செருகிடத்திலே மற்றதைச் செருகினால் கணினி அதனை அறியாது. பணம் கொடுக்குமுன் கணினியின் கையேட்டைப் பார்ப்பது நன்று. மூன்றாவது, பழைய மடிக்கணினிகளில் உள்ள இறுவட்டு இயக்கியின் இடம். இயக்கியைக் கழற்றி, அதே உருவான தாங்கியொன்றில் வன்தட்டை அமைத்து அங்கே செருகலாம். இத்தாங்கிகளும் 12.7, 9.5 மில்லிமீற்றர் என இரு தடிப்பில் வருவன. மிக மெல்லிய புதுக் கணினிகள் சிலவற்றிலே சேமிப்பகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு வெளியே இணைக்கும் வன்தட்டே கதி.

எதனை எங்கே வைப்பது என்பதற்குக் கினிகத்தேனைக்கு அணித்தேயுள்ள மலைகளே எடுத்துக்காட்டாகும். கெகல்கமு ஓயாவின் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலே ஒரே பெருந்தேக்கம் அமைக்கப்படவில்லை. மேலே காசல்ரீ நீர்த்தேக்கம் மழைநீரைப் பெருமளவிற் சேர்த்து வைக்கிறது. அங்கிருந்து விடப்படும் நீர், பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய மின்நிலையத்தை இயக்கி, நோட்டன் என்னும் சிறு தேக்கத்தை அடைகிறது. 1950ஆம் ஆண்டு முதல் இயங்கும் பழைய லக்ஷபான மின்நிலையத்திற்கு வேண்டியபோது நீரளிப்பது அச்சிறு தேக்கமே. பெரியது சேர்த்து வைக்க, சிறியது உடனுக்குடன் கொடுக்க என்பது அவ்வமைப்பின் பயன். மடிக்கணினியிலும் அவ்வாறே விரைவுடைய சிறிய திண்மநிலைச் சேமிப்பகத்தில் இயக்கத் தொகுதியையும், விரைவு குறைந்த பெரிய வன்தட்டிற் படங்களையும் ஆவணங்களையும் வைத்தல் தகும்.

பொருத்துமுன் கணினியை முற்றாக நிறுத்தி, மின்கம்பியை அகற்றி, மின்கலத் தொடர்பையும் நீக்க வேண்டும். உலோகமொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பின்னரே பலகையைத் தொடலாம். புதிய சேமிப்பகம் வெப்பத்தைக் கூட்டும். மின்கலத்தையும் விரைவிற் குறைக்கும். காற்று செல்லும் துளைகளை அடைத்தலாகாது. குளிரிலிருந்து வெப்பமான அறைக்குள் கொண்டுவந்த கணினியை உடனே இயக்காது சிறிது நேரம் விடுதல் நன்று. உள்ளே படிந்த ஈரம் உலர்ந்துவிடும்.

இனி, முதன்மையான எச்சரிக்கை ஒன்று. இரண்டு சேமிப்பகங்களை ஒன்றுபோல் இணைத்துப் பேரிடமாக்கும் முறையுண்டு. அவற்றுள் ஒன்று பழுதானால் இரண்டிலுமுள்ளது போய்விடும். ஒன்றின் படியை மற்றதில் எழுதும் முறையோ தட்டின் பழுதிலிருந்து காக்கும். தவறி அழித்தாலும், கணினியே களவு போனாலும், மண்சரிவிற் புதைந்தாலும் காக்காது. ஒரே பெட்டியில் எத்தனை பேழைகள் இருப்பினும் பெட்டி ஒன்றே அன்றோ?

ஆகையினால், மடிக்கணினியினுள் இரண்டு படிகள் இருப்பினும், மூன்றாவது படியொன்று வெளி வன்தட்டிலே, வேறொரு வீட்டில் இருத்தல் வேண்டும். கினிகத்தேனையிலுள்ளவர் அதனை நாவலப்பிட்டியிலோ அட்டனிலோ இருக்கும் உறவினரிடம், ஈரம் உறிஞ்சும் சிறு பொதியுடன் மூடிய டப்பாவில் வைத்துக் கொடுக்கலாம். ஆண்டுக்கு இருமுறையேனும் அதனை எடுத்து, மின்னூட்டி, கோப்புக்கள் திறக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். படம் எடுத்தாயிற்று என்பதற்காக மூலக் காகிதத்தை எறிந்துவிடுதலும் ஆகாது. அது தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும்.