எஃபிகசி என்றொரு சொல்



மருந்துகளைப் பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘எஃபிகசி’ என்னும் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. எந்தப் பயனுக்காக ஒரு பொருள் ஆக்கப்பட்டதோ அந்தப் பயனைத் தரும் ஆற்றலுக்கே அந்தப் பெயர். “மருந்து கேட்குதா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் விசாரிப்பார்களே, அந்தக் ‘கேட்பது’தான் இது.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. அங்கே ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். அதன்முன் ‘எக்ஸ்’ என்பது சேர்ந்து ‘எஃபிக்கெரே’ ஆனது; அதாவது செய்து முடித்தல், விளைவித்தல். நம் தோட்டத்து ‘ஃபேக்டரி’யும் இதே வேரில் பிறந்ததுதான். ‘ஆபீஸ்’ என்பதும் தூரத்து உறவு. மேனேஜர் மட்டும் வேறு குடும்பம். அவர் ‘மானுஸ்’, அதாவது கை என்ற சொல்லின் வழி வந்தவர்!

2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபைசர் நிறுவனத்தின் கோவிட் தடுப்பூசிக்கு 95 விழுக்காடு எஃபிகசி என்று செய்தி வந்தது. நூறு பேர் ஊசி போட்டால் ஐந்து பேருக்கு நோய் வந்தே தீரும் என்று பலர் இதற்குப் பொருள் கொண்டு அஞ்சினார்கள். பொருள் அதுவன்று. அந்தச் சோதனையில் சுமார் 43,000 பேர் கலந்துகொண்டனர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்மையான ஊசி. மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியாது. பிறகு உப்பு நீர் பெற்றவர்களில் 162 பேர் நோயுற்றனர். தடுப்பூசி பெற்றவர்களிலோ 8 பேர்தான். வந்திருக்கக்கூடிய 162-இல் 154 தடுக்கப்பட்டது. அதுவே 95 விழுக்காடு. மொத்தக் கூட்டத்தில் அந்த 8 பேர் எவ்வளவு சிறிய பகுதி என்று பாருங்கள்!

‘எஃபெக்டிவ்னெஸ்’ என்று இன்னொரு சொல்லும் உண்டு. மலாயில் ‘கெபெர்கெசானான்’ என்கிறோம். அகராதியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மருத்துவர்கள்தாம் பிரித்துப் பேசுகிறார்கள். கட்டுப்பாடான சோதனையில் கிடைக்கும் பலன் எஃபிகசி. ஊருக்குள் வந்தபின், முதியவர், நோயாளி, இரண்டாம் ஊசிக்குப் போக மறந்தவர் எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது மற்றது. ஃபைசர் ஊசியைத் தொடக்கத்தில் பூச்சியத்திற்குக் கீழே ஏறத்தாழ 70 டிகிரி குளிரில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. வழியில் எங்காவது அந்தக் குளிர் விட்டுப்போனால், சோதனையில் கிடைத்த 95 ஊர்க் கிளினிக்கில் கிடைக்காமல் போகலாம்.