பட்டாளத்துக் கடியாரமும் பழம்பொருள் பக்தியும்

(ஒரகடத்தில் தொழிலாளத் தோழர்கள் கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



கைக்கடியாரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன் சிலர் சிரிக்கின்றீர்கள். ஒரு நிமிஷம் பிந்தினால் கம்பெனி பஸ் போய்விடும் என்றிருக்கும் ஷிப்டுக்காரர்களுக்குக் கடியாரத்தைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லைதான். ஆனால் பழைய பட்டாளத்துக் கைக்கடியாரங்களைத் தேடிச் சேர்க்கும் ஆசை உலகெங்கும் பரவி, நம் வாலிபர்களையும் பிடித்திருக்கின்றது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவர்கள் இங்கும் உண்டு. ஆகவேதான் பேச வந்தோம்.

அந்த ஆசையை நாம் குற்றம் சொல்லவில்லை. 1914-ம் வருஷத்து யுத்தத்திற்கு முன் மேல்நாட்டில் கைக்கடியாரம் பெண்கள் நகையென்று ஆண்கள் ஏளனம் செய்தார்கள். பதுங்கு குழியில் கிடந்தவனுக்குச் சட்டைப் பையில் கைவிட்டுக் கடியாரம் எடுக்க நேரமேது? அவசியம் வந்ததும் ஏளனம் பறந்தது. 1945-ல் பிரிட்டிஷ் பட்டாளத்துக்காக 12 சுவிஸ் கம்பெனிகள் செய்த கடியாரங்களைப் பாருங்கள். கருப்பு முகம், வெள்ளை எழுத்து, இருட்டில் தெரியும் முள், தண்ணீர் புகாத கூடு. ஜம்பமில்லை, வேலைதான் இருக்கின்றது. இன்று அந்தப் பன்னிரண்டையும் சேர்க்கத்தான் பலர் அலைகின்றார்கள்.

நம் நாட்டிலும் ஒரு சரித்திரமுண்டு. ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு பெங்களூரில் எச்.எம்.டி. செய்த சாவிக் கடியாரங்களை நேரு 1961-ல் வெளியிட்டார். ‘ஜனதா’, ‘பைலட்’, ‘ஜவான்’ என்பவையெல்லாம் அங்கே பிறந்தவைதான். 2016-ல் சர்க்கார் அந்தக் கடியாரக் கம்பெனியை மூட முடிவு செய்தது. அதுவரை சாதாரணமாகக் கிடைத்த சாமான், பிறகு பொக்கிஷமாகிவிட்டது! பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் துவங்கி 2014-ல் நின்றுபோன நோக்கியா தொழிற்சாலையை நீங்கள் அறிவீர்கள். அந்தப் போனும் நாளை அலமாரிக்குப் போகலாம். சாமானுக்கு விலை ஏறும். செய்த கைக்கு என்ன ஏறியது? சேர்ப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டாமா?

இனி மோசடிக்கு வருவோம். நாமும் ஒரு முறை ஏமாந்தோம். அம்புக்குறி போட்ட கடியாரம். பெரிய யுத்தத்தில் ஒரு சிப்பாய் கட்டியது என்றார் விற்றவர். கேட்டதும் உடம்பு சிலிர்த்தது, பணம் கொடுத்தோம். ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்தார். மிஷின் ஒன்று, கூடு வேறு, முகம் புதுச் சாயம்! ஸ்தல புராணம் கேட்டுக் கன்னத்தில் போட்டுக் கொள்பவனை நாம் கேலி செய்கின்றோமே, அன்று நாம் செய்தது என்ன? ‘ஜவான்’ என்று பெயரிருந்தால் மாத்திரம் ஜவான் கட்டியதாகிவிடுமா? கதையை வாங்காதீர்கள், திறந்து காட்டச் சொல்லி, கடியாரத்தை வாங்குங்கள்.

மற்றொரு எச்சரிக்கை. பழைய பட்டாளக் கடியாரங்கள் பலவற்றில் பளபளப்புக்கு ரேடியம் பூசினார்கள். அமெரிக்காவில் அதைப் பூசிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை அழுகி மாண்டார்கள். 1920-களில் வழக்கு நடந்தது. ரேடியத்தின் வேகம் பாதியாகக் குறையவே சுமார் 1600 வருஷம் வேண்டும். ஒளி மங்கியது என்று நம்பி வீட்டில் சுரண்டாதீர்கள்.

இந்தப் பழக்கத்தின் எதிர்காலம் என்ன? பணக்காரன் பெட்டியில் அது இல்லை. பல்சக்கரம் பழுது பார்க்கத் தெரிந்தவனிடம் இருக்கின்றது. அவர்கள் குறைந்து வருகின்றார்கள். மிஷினோடு பழகிய உங்களில் நாலு பேர் அந்த வேலையைக் கற்றால், கடியாரமும் ஓடும், பிழைப்பும் நடக்கும்.

கடைசியாக ஒன்று. நொடி பிசகாமல் ஓட எத்தனையோ பேர் மூளையைச் செலவழித்துச் செய்த கருவி அது. அதைக் கையில் கட்டிக்கொண்டு, ராகு காலம் முடிந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள், தோழர்களே!